ஆயில் லைட்டு மேல மாதா ஸ்டிக்கரு

ஜெரோமோட அப்பாவுக்கு,

நேத்து உன் லோடு வண்டியில வரசொல்ல, டேஷ்போர்டுல நீ ஒட்டின மாதா ஸ்டிக்கருக்குப் பின்னால செவப்பா எரிஞ்சுது. கேட்டதுக்கு, “ஒயரு லூசு, உனக்கு இன்னா தெரியும்?”னு கத்தின. காலைல பேத்துப் பாத்தேன். ஆயில் லைட்டு!

மஞ்ச லைட்டுன்னா ஷெட்டு வரைக்கும் மெதுவா ஓட்டலாம். வண்டி ஓடசொல்ல இந்த செவப்பு எரிஞ்சா அங்கியே நிறுத்தணும், இல்லாட்டி இன்ஜினே போயிடும். எங்க கம்பெனியில செவப்பு எரிஞ்சா சூப்பர்வைசரே மிஷின்ல கை வெக்க மாட்டாரு.

சாவி மெக்கானிக் எட்வின் அண்ணங்கிட்ட கீது. வண்டிய சரி பண்ணாம குடுக்க மாட்டாரு. இன்னிக்கு ஆரம்பாக்கம் போற லோட வேற வண்டிக்கு மாத்திவுடு.

நாஷ்டாவுக்கு இட்லி கீது, நேத்து மீன் கொழம்பும் கீது. கோவத்துல பட்டினி கெடக்காத.

மேரி

மாதாவ கிழிக்கல. மேல கண்ணாடியாண்ட ஒட்டிட்டேன். அங்கேர்ந்து அவங்களும் அந்த லைட்டப் பாத்துகினு வரட்டும்.