வெட்டாமல் விட்ட தழும்பு

எதிர்வீட்டுக்காரர் காலையிலிருந்து இரும்பு கேட்டுக்கு பெயிண்ட் அடித்துக்கொண்டிருக்கிறார். தின்னர் வாசனை சன்னல் வழியாக வந்து மூக்கில் ஏறியதும் காப்பியைக் கீழே வைத்துவிட்டேன். நம் ஆய்வகத்துச் சைலீன் வாசனைக்கு அது பங்காளி. இருபது வருஷம் நாம் இருவரும் சட்டையில் சுமந்துகொண்டு வீட்டுக்குப் போன வாசனை. என் மனைவி தலைவலி என்று கத்துவாள். எங்கள் வீட்டு மீன் வாசனைக்கு முன்னால் இதெல்லாம் எம்மாத்திரம் என்று நீ சிரிப்பாய். நீ போய் ஐந்து வருஷம் ஆகிறது. இன்றைக்கும் எழுதாவிட்டால் இனி எழுதவே மாட்டேன்.

நான் செங்கல்பட்டிலேயே இருந்தேன். நீ சதுரங்கப்பட்டினத்திலிருந்து தினமும் பஸ் ஏறி வந்தாய். மருத்துவக் கல்லூரியில் நோய்க்குறியியல் துறைக்கு இரண்டு டெக்னீஷியன்கள். உடம்பிலிருந்து எடுத்த சதையை மெழுகில் புதைத்து, மெல்லியதாகச் சீவி, கண்ணாடித் துண்டில் ஒட்டி, சாயம் ஏற்றிக் கொடுப்பது நம் வேலை. உனக்கு இதயம் என்றால் பைத்தியம். மாரடைப்பு வந்து பிழைத்து, பிற்பாடு இறந்தவரின் இதயத்தில் சாயம் போட்டால் தசை சிவப்பாகவும் தழும்பு நீலமாகவும் வரும். அந்த நீலத்துக்குள் ஒல்லியாக, இரு முனையும் கூராக, நார்ச்செல்கள் படுத்திருக்கும். டாக்டர்கள் ஃபைப்ரோபிளாஸ்ட் என்பார்கள், நீ கொத்தனார்கள் என்பாய். நல்ல நாளில் தசைகளுக்கு நடுவே இருக்கிற இடம் தெரியாமல் இருப்பார்கள். ஓரிடத்தில் தசை செத்துவிட்டால் கூடி வந்து நாரை அடுக்கி அடைத்துவிடுவார்கள். அடைத்த இடம் துடிக்காது, ஆனால் கிழியாமல் பிடித்துக்கொள்ளும்.

மாணவர்களுக்குக் காட்ட நம்மிடம் இருந்த ஒரே தழும்பு ஸ்லைடு வெளுத்துப்போயிருந்தது. இங்கே நீலம் இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள் என்று பேராசிரியர் சொல்லும்போதெல்லாம் உனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும்.

தொண்ணூறுகளின் கடைசியில் உனக்கே மாரடைப்பு வந்தது. பஸ் ஸ்டாண்டில், கையில் டிபன் பாக்ஸோடு சரிந்தாய். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பிய பிறகு உன்னைப் பார்க்க வந்தேன். ஒரு வாளியைக்கூடத் தொடவிடாமல் உன் மனைவி காவல் இருந்தாள். நீயோ விரல் விட்டு நாள் எண்ணிக்கொண்டிருந்தாய். முதல் வாரம் குப்பை அள்ளுகிற செல்கள் வந்து செத்த தசையையெல்லாம் தின்று தீர்த்திருக்குமாம்.

"இப்ப கொத்தனாருங்க வந்துகினு இருப்பாங்க மச்சான். ஆறு வாரம் ஆடாம அசையாம கெடந்தா செவுரு நின்னுக்கும்."

சாவைத் தொட்டுவிட்டு வந்தவன் பேசுகிற பேச்சா அது?

வேலைக்குத் திரும்பிய மாதமே உடல் தானப் படிவத்தை நிரப்பி என் முன்னால் வைத்தாய். சாட்சிக் கையெழுத்து நான் போட்டேன். அடியில் உன் கையால் ஒரு வரி எழுதினாய், இதயம் நம் துறைக்கு என்று. பேராசிரியரிடமும் பெருமையாகச் சொல்லிவிட்டு வந்தாய். வீட்டில் சொன்னாயா என்று கேட்டேன். சமயம் பார்த்துச் சொல்கிறேன் என்று படிவத்தை என்னிடமே கொடுத்தாய்.

"நீதான் வெட்டணும். வேற எவன் கைய வெச்சாலும் பாழு பண்ணிடுவான். நீலம் நல்லா ஏறணும், இன்னா?"

சரி என்றேன். அந்த நாள் வரவே வராது என்ற தைரியத்தில் சொன்ன சரி அது.

அந்தத் தழும்பு உன்னை ஆறு வருஷம் தாங்கியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை போன் வந்தது. படிவத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். உன் மனைவியிடம் இதை எப்படிச் சொல்வது, எந்த வார்த்தையில் தொடங்குவது என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டே வந்தேன். அதற்கு அவசியமே இல்லாமல் போயிற்று. என்னைப் பார்த்ததும் அவளே எழுந்து வந்து ஓரமாக அழைத்தாள்.

"அண்ணா, ஒடம்ப காலேஜுக்கு எழுதிக் குடுத்துட்டேன்னு ஒருவாட்டி சொன்னாரு. வெளையாட்டா நெஜமான்னு தெரியல. நெஜம்னா சொல்லுங்க. எவன் இன்னா சொன்னாலும் நான் அனுப்பி வெக்கிறேன்."

அழுது வீங்கிய கண். ஆனால் குரல் நடுங்கவில்லை. நான் அவளைப் பார்க்காமல், பெஞ்சில் கிடத்தியிருந்த உன்னைப் பார்த்தேன். சட்டைப் பொத்தானைக் கழுத்து வரைக்கும் போட்டுவிட்டிருந்தார்கள். நாளைக்கு இந்த நெஞ்சுக்குள் இருப்பது என் தட்டில் வந்து உட்காரும், நான் கத்தியை எடுக்க வேண்டும் என்று நினைத்தேன்.

"வெளையாட்டுக்குத்தாம்மா சொல்லியிருப்பான்" என்றேன்.

மாலையில் உன்னைப் புதைத்தார்கள். நானும் ஒரு பிடி மண் போட்டேன். படிவம் என் சட்டைப் பையிலேயே வியர்வையில் ஊறிக்கொண்டிருந்தது.

மறுநாள் பேராசிரியர் கேட்டார், என்னப்பா ஆயிற்று என்று. வீட்டில் ஒத்துக்கொள்ளவில்லை சார் என்றேன். அவர் உச்சுக்கொட்டி, விவரம் தெரியாத பெண், அவளை என்ன சொல்ல என்றார். நான் தலையாட்டினேன். உன் பெண்டாட்டியைப் பற்றி அப்படிச் சொல்லும்போது தலையாட்டிக்கொண்டு நின்றேன்டா. துறையில் இன்றும் புதிதாக வருகிறவர்களுக்கு இந்தக் கதையைச் சொல்கிறார்கள். இங்கே வேலை பார்த்த ஒருவர் தன் இதயத்தையே எழுதிக் கொடுத்தாராம், மனைவி விடவில்லையாம். நான் பக்கத்திலேயே உட்கார்ந்து மெழுகு உருக்கிக்கொண்டிருப்பேன்.

துக்க வீட்டில் அவளை மேலும் நோகடிக்க வேண்டாம் என்றுதான் மறைத்தேன் என்று இத்தனை நாள் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன். அது சுத்தப் பொய். அவள் அன்றைக்குத் தயாராக இருந்தாள். பயந்தவன் நான். ஊரார் வீட்டு இதயத்தையெல்லாம் அசராமல் சீவியவனுக்கு உன்னுடையது என்றதும் கை வரவில்லை. வரவில்லை என்று சொல்லியிருக்கலாம். வேறு ஒருவரை வெட்டச் சொல்லியிருக்கலாம். அதைக்கூடச் செய்யாமல் பழியை அவள் தலையில் போட்டேன்.

உன்னிடம் மன்னிப்புக் கேட்பது சுலபம். நீ எதிர்த்துப் பேசப்போவதில்லை. கேட்க வேண்டியது அவளிடம். போன மாதம்கூட, நாவலூரில் வேலைக்குப் போகும் உன் மகளிடம் எனக்கென்று கருவாடு கொடுத்தனுப்பியிருந்தாள். அவரோடு கடைசிவரைக்கும் இருந்தவர் அண்ணன்தான் என்று அம்மா அடிக்கடி சொல்லும் என்றாள் உன் மகள். வாங்கி வைத்துக்கொண்டேன். உங்கள் ஊருக்கு இங்கிருந்து அரை மணிக்கு ஒரு பஸ் போகிறது. நான் இன்னும் ஏறவில்லை.