திருடினால்தான் பிடிக்கும்

சான் பலாதியோ,
ஜூன் 8, 1986

மதிப்பிற்குரிய ஹசிந்தா அம்மையாருக்கு,

என் பெயர் ஒதிலியா. பெயரைப் பார்த்ததுமே இந்தக் கடிதத்தை அடுப்பில் போடத் தோன்றும். போடுங்கள், ஆனால் படித்துவிட்டுப் போடுங்கள். சந்தை சந்தையாகப் போகிற ரொட்டிக்கார செனோபியாவிடம் கெஞ்சிக் கூத்தாடி இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

மனைவி பிரிந்து போய் ரொம்ப காலமாகிறது என்று சொல்லித்தான் நிக்கானோர் என்னை வெராக்ரூஸிலிருந்து அழைத்து வந்தார். வந்து பார்த்தால் அடுப்பில் சாம்பல் அள்ளாமல் கிடந்தது. உங்கள் ஏப்ரன் ஆணியில் தொங்கியது. அதைப் பற்றிப் பேச எனக்கு வாயில்லை. இந்தக் கடிதம் கீரைக்காக.

முதல் மழை பெய்துவிட்டது. சமையலறைக்குப் பின்னால் தரை முழுக்கப் பச்சைப்பசேல் என்று முளைத்திருக்கிறது. பருப்புக்கீரையும் முளைக்கீரையும் தெரிகிறது. எப்பசோத்தேயை வாடையை வைத்தே கண்டுபிடித்தேன். சுவரோரம் நிற்கும் அகல இலைச் செடி எங்கள் ஊர் ஆக்குயோ. அதில் மீனைச் சுற்றி வேகவைப்போம். படிக்குப் பக்கத்தில் கண்ணேறு கழிக்கிற ரூதா. மற்றதெல்லாம் கீரையா, களையா, தெரியவில்லை. பக்கத்து வீட்டில் கேட்டேன். "உங்க ஊர்ல எதத் தின்பீங்களோ அதயே தின்னுங்க" என்று கதவைச் சாத்திவிட்டார்கள். அவரைக் கேட்டால், "பச்சையா இருக்கறதெல்லாம் எனக்கு ஒண்ணுதான்" என்கிறார்.

நீங்கள் விதைத்தது. தெரியாமல் பிடுங்கிப் போட எனக்கு மனம் வரவில்லை. ஒவ்வொன்றிலும் ஓர் இலை கிள்ளி உள்ளே வைத்திருக்கிறேன். எதை விட்டுவைக்க வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒதிலியா


எத்லா,
ஜூன் 19

ஒதிலியா என்பவளுக்கு,

புருஷனை எடுத்துக்கொண்டபோது யாரையும் கேட்கவில்லை. களை பிடுங்க மட்டும் கடிதம் போட்டு அனுமதி கேட்கிறாய். நல்ல மரியாதை!

பதில் போடக்கூடாது என்றுதான் இருந்தேன். ஆனால் உன் இலைகளைப் பார்த்த பிறகு கை சும்மா இருக்கவில்லை. அந்தச் சின்னஞ்சிறு மூன்றிலைக் கொத்துதான் செப்பில் என்கிற கீரை. களை என்று அதைப் பிடுங்கியிருந்தால் பஸ் பிடித்து வந்து உன் கையை ஒடித்திருப்பேன். நுனியை மட்டும் கிள்ளு. கிள்ளக் கிள்ளத் தழைக்கும். சோற்றில் போடு, தமால் அவிக்கிற சோள மாவில் பிசை. பூசணிக் கொழுந்தோடு சேர்த்தால் சூப். நீண்ட இலையும் வெள்ளைப் பாலும் உள்ளது களை, அதைத் தூர எறி. அகல இலைக்கு இந்தப் பக்கம் யெர்பா சாந்தா என்று பெயர். ஆக்குயோவாம்! மீனுக்கு எங்கே போவாய்? நம் ஆற்றில் தவளைதான் இருக்கிறது.

நீலம் பூத்த வட்ட இலை பாப்பலோ. மூட்டைப்பூச்சி வாடை அடிக்கும், பயப்படாதே. அப்படியே பச்சையாகத் தின்பது. நிக்கானோருக்கு அது என்றால் உயிர். தினமும் ஒரு கொத்து அவன் தட்டுப் பக்கத்தில் வை.

நான் இங்கே சித்தி மகள் வீட்டு வாசலில் தமால் விற்றுப் பிழைக்கிறேன். எனக்கு வேலை இருக்கிறது. இனி எழுதாதே.

ஹசிந்தா


சான் பலாதியோ,
ஜூலை 13

மதிப்பிற்குரிய ஹசிந்தா அம்மையாருக்கு,

எழுதாதே என்றீர்கள். எழுதாமல் இருந்தால் நன்றி கெட்டவள் ஆகிவிடுவேன்.

செப்பில் கீரை போட்டுச் சோறு வடித்தேன். அவர் இரண்டாம் தடவை தட்டை நீட்டினார். அந்த வாசனைக்குப் பக்கத்து வீட்டுக்காரி மதில் மேல் எட்டிப்பார்த்து, "யாரு சொல்லிக் குடுத்தா?" என்றாள். "வேண்டியவங்க" என்று சொல்லிவிட்டேன். தப்பானால் மன்னியுங்கள்.

நீங்கள் சொன்னபடி பாப்பலோவும் தினம் வைக்கிறேன். எனக்கு அந்த வாடை குமட்டுகிறது. ஆனால் அவர் கொத்து முழுக்கக் காலி செய்துவிட்டுத்தான் எழுந்திருக்கிறார். பிடித்ததைச் சொல்லிக் கொடுத்தீர்களே, வேறு யாராக இருந்தாலும் செய்திருக்க மாட்டார்கள்.

ரூதா புதராக வளர்ந்திருக்கிறது. தமால் விற்கிற இடத்தில் ஊர்க் கண்ணெல்லாம் உங்கள் மேல் படும். வேரோடு ஒரு கிளை ஈரத்துணியில் சுற்றி அனுப்புகிறேன்.

அன்புடன்,
ஒதிலியா


எத்லா,
ஜூலை 24

ஒதிலியா,

பாப்பலோவை அவன் தின்றானா?

உன்னிடம் பொய் சொன்னேன். அந்த இலையை அவனுக்குக் கண்ணில் காட்டக்கூடாது. உன் முதல் தட்டு முற்றத்தில் பறக்கட்டும் என்றுதான் அப்படி எழுதினேன். பறக்கவில்லை. எனக்கு அதில் கொள்ளை ஆசை. ஆனால் அவன் முன்னால் என் தட்டில் வைத்துக்கொண்டால்கூட, "மூட்டைப்பூச்சிய அந்தப் பக்கம் எடுத்துட்டுப் போ" என்பான். கல்யாணமான நாளிலிருந்து நான் பாப்பலோ தின்றதெல்லாம் அடுப்படியில் நின்றுகொண்டு, திருட்டுத்தனமாக. உனக்காக அதை மென்று விழுங்குகிறான். இது எனக்கு வலிக்கிறது. மறைத்து என்ன ஆகப்போகிறது, சொல்லிவிட்டேன்.

ரூதா கருகிவிட்டது. உன் மேல் குற்றமில்லை. இங்கே வந்ததிலிருந்து யார் யாரோ கொடுத்தார்கள், ஒன்றும் நிற்கவில்லை. கொடுத்த ரூதா வேர் பிடிக்காது. திருடினால்தான் பிடிக்கும். உங்கள் கடற்கரைப் பக்கம் இது தெரியாதா?

போதும், விட்டுவிடு.

ஹசிந்தா


சான் பலாதியோ,
ஆகஸ்ட் 17

அன்புள்ள ஹசிந்தா அக்காவுக்கு,

அக்கா என்று போட்டுவிட்டேன். திட்டுவதானால் அடுத்த கடிதத்தில் திட்டிக்கொள்ளுங்கள்.

அவர் பாப்பலோவைத் தின்னவில்லை. உங்கள் கடிதம் வந்த வாரம் அவர் சட்டையைத் தொட்டியில் நனைத்தேன். குப்பென்று அதே வாடை. பையைக் கவிழ்த்தால் வாடிய இலை, கசங்கிய இலை, காய்ந்த இலை! "புடிக்கலன்னா சொல்லக்கூடாதா?" என்றேன். "புதுசா வந்திருக்க, சண்ட எதுக்குன்னு பாத்தேன்" என்றார். சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்தது. உங்களை நினைத்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

நேற்று பீன்ஸில் உப்புக் குறைச்சல் என்று தட்டைத் தள்ளினார். அதனால் நானும் பழசாகிவிட்டேன், வருத்தப்படாதீர்கள்.

இனிச் சொல்லப்போவதுதான் கஷ்டம். பழைய லாரி ஒன்று வாங்கியிருக்கிறார். அதை நிறுத்த இடம் வேண்டுமாம். சமையலறைப் படியிலிருந்து மதில்வரை சிமெண்ட் போடப்போகிறார். மணல் வந்து குவிந்துவிட்டது. கல்லறைத் திருநாள் முடிந்ததும் ஆள் வருகிறார்கள். அதற்குள் வந்து உங்களுக்கு வேண்டியதையெல்லாம் எடுத்துக்கொள்ளுங்கள், அக்கா. வாசலில் நான் நிற்கிறேன்.

அன்புடன்,
ஒதிலியா


எத்லா,
செப்டம்பர் 4

ஒதிலியா,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு மாவைப் பிசையக்கூடக் கை எழவில்லை.

நான் அந்த வீட்டுக்குப் போனபோது பின்பக்கம் மண்ணே கிடையாது. பழைய சூளை. தோண்டினால் உடைந்த செங்கல்தான் வரும். ஆற்றங்கரையிலிருந்து மக்கிய இலையைக் கூடை கூடையாகத் தலையில் சுமந்து கொட்டினேன். பிள்ளை பிறக்கவில்லை என்று ஊர் பேசிய நாளெல்லாம் அந்த மண்ணில்தான் உட்கார்ந்திருந்தேன். அங்கே உட்கார்ந்தால் யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள், கீரை கிள்ளுகிறாள் என்று நினைத்துக்கொள்வார்கள். இங்கே தகர டப்பாக்களில் விதைத்துப் பார்த்தேன். சந்தையில் செப்பில் விதை வாங்கினேன், முளைத்தது. ஆனால் அது வேறு, மணமே இல்லை. என் தமாலைத் தின்கிறவர்களுக்குத் தெரியாது, எனக்குத் தெரிகிறது. அந்த விதைதான் எனக்கு வேண்டும். வேறு எதுவும் வேண்டாம்.

ஆனால் என்னால் வர முடியாது. கிளம்பிய அன்றைக்கே சோலெதாத் மாதா முன்னால் மெழுகுவர்த்தி ஏற்றிச் சொல்லிவிட்டேன்: அவன் வாசலை இனி மிதிக்க மாட்டேன், அந்த வீட்டிலிருந்து எதையும் கையேந்தி வாங்க மாட்டேன். மாதாவிடம் சொன்னதை மாற்ற எனக்குத் தைரியமில்லை. நீ செனோபியாவிடம் கொடுத்தனுப்பினாலும் அது வாங்கியதுதான். போகட்டும், கொட்டட்டும் சிமெண்டை.

ஹசிந்தா


சான் பலாதியோ,
அக்டோபர் 19

அன்புள்ள அக்காவுக்கு,

சண்டை போட்டுப் பார்த்துவிட்டேன். மதிலோரம் ஒரு பாத்தியையாவது விடுங்கள் என்றேன். "ஒரு கீரைக்காரி போனான்னு பாத்தா, அடுத்த கீரைக்காரியா?" என்றார். எனக்குக் கோபம் வரவில்லை, பெருமையாக இருந்தது. ஆனால் பாத்தி கிடைக்கவில்லை.

செப்பில் காய் முற்றிக் காய்ந்துவிட்டது. காற்றடித்தால் பாத்தி முழுக்கக் கிலுகிலுப்பை ஆட்டுகிற சத்தம் கேட்கிறது.

நான் உங்களுக்கு எதுவும் தரப்போவதில்லை. நீங்களும் கேட்க வேண்டாம். சும்மா ஊர்ச் செய்தி எழுதுகிறேன். கல்லறைத் திருநாளுக்கு முந்தின வெள்ளிக்கிழமை ஒகோட்லானில் பெரிய சந்தை. அவர் லாரியில் சாமந்தி ஏற்றிக்கொண்டு போகிறார், நானும் கூடப் போகிறேன், சாயங்காலம்வரை வீட்டில் உங்கள் நாய் கப்பித்தானைத் தவிர ஈ காக்கை இருக்காது. பின்மதிலில் செங்கல் சரிந்த இடம் இன்னும் அப்படியேதான் இருக்கிறது. மாதாவிடம் நீங்கள் சொன்னது வாசலைப் பற்றி. மதிலைப் பற்றி ஒன்றும் சொன்னதாக எனக்கு ஞாபகமில்லை.

இன்னொன்று. இந்தப் பக்கம் ரூதாவைத் திருடினால்தான் பிடிக்குமாம். யாரோ சொன்னார்கள்.

அன்புடன்,
ஒதிலியா


சான் பலாதியோ,
நவம்பர் 16

என் தோட்டத்தைத் திருடிய அக்காவுக்கு,

சந்தையிலிருந்து திரும்பியதும் பின்பக்கம் ஓடினேன். செப்பில் பாத்தியில் ஒரு காய் இல்லை. ரூதா நின்ற இடத்தில் பள்ளம். யெர்பா சாந்தாவில் ஒரு கன்று போயிருந்தது. மதில் செங்கலில் நீலப் பாவாடைத் துண்டு ஒன்று மாட்டியிருந்தது, எடுத்து ஒளித்துவிட்டேன். சமையலறைப் படியில் வாழையிலையில் கட்டிய தமால், இன்னும் சூடு ஆறவில்லை. எனக்குத்தானே? யாருக்கும் கொடுக்காமல் தின்றேன்.

அவர் பள்ளங்களைப் பார்த்துவிட்டுக் கத்தினார். "யாருடி வந்தது? நாய் என்ன பண்ணிச்சு?" அப்போதுதான் பார்த்தோம், கப்பித்தானைக் காணவில்லை. குரைக்காதது சரி, கூடவே போய்விட்டதா, அக்கா? நாய்க்குத் தெரிந்தது எனக்குத் தெரியாமல் போயிற்று.

சிமெண்ட் போட்டாகிவிட்டது. வழவழவென்று நன்றாகத்தான் இருக்கிறது. காலையில் கதவைத் திறந்ததும் எதற்குத் திறந்தேன் என்று தோன்றுகிறது. கீரைக்குச் சந்தைக்குப் போ என்கிறார். கெட்டவர் இல்லை. ஆனால் சாப்பாட்டைத் தவிர அவர் என்னிடம் வேறொன்றும் பேசி நாளாகிறது. ஊருக்குத் திரும்பலாமா என்று அண்ணனுக்கு எழுதினேன். "போனவ போனவதான்" என்று பதில் வந்தது. இங்கே இருக்கப் பிடிக்கவில்லை, போக இடமில்லை. அழுதுகொண்டு எழுதவில்லை, பயப்படாதீர்கள். யாரிடமாவது சொல்ல வேண்டும், எனக்கு நீங்கள்தான் இருக்கிறீர்கள்.

அன்புடன்,
ஒதிலியா


எத்லா,
நவம்பர் 27

அன்புள்ள ஒதிலியாவுக்கு,

ரூதா பிடித்துவிட்டது. கிழவி மாதிரி வாடி நின்றது, இப்போது நுனியெல்லாம் துளிர். தமால் பானைக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். கப்பித்தான் அதன் அடியில் படுத்துக்கொண்டு போகிற வருகிறவர்களை எல்லாம் பார்த்துக் குரைக்கிறது. அதை நான் திருடவில்லை, அதுவாகவே பஸ் ஏறியது. செப்பில் விதையைச் சட்டியில் மூடி வைத்திருக்கிறேன். சித்தி மகள் வீட்டுக்குப் பின்னால் ஒரு துண்டு நிலம் சும்மா கிடக்கிறது. முழுக்க நல்ல மண். மழை வந்ததும் விதைக்க வேண்டும், நான் ஒருத்தி குனிந்து முடிகிற வேலை இல்லை. இங்கே வெள்ளிக்கிழமைகளில் மீன்காரன் வருகிறான். உன் ஆக்குயோ மீனைத் தமாலோடு வைத்தால் விற்கும் என்று தோன்றுகிறது. ஆக்குயோ என்றே சொல்லிவிட்டேன், பார்.

அந்த வீட்டில் ஒன்றை மட்டும் எடுக்காமல் வந்துவிட்டேன். டிசம்பர் முதல் வெள்ளிக்கிழமை, அவன் சந்தைக்கு லாரியைக் கிளப்பியதும், மறுபடி மதிலுக்கு வருகிறேன். உன்னை வரச்சொல்லி அழைக்கவில்லை. அழைத்து வந்தால், ஒரு மாதத்தில் அவன் பீன்ஸுக்கு உப்புப் போட ஆளில்லையே என்று உனக்கு மனம் கேட்காது. திருடத்தான் வருகிறேன். மூட்டை சின்னதாக இருக்கட்டும், மதில் உயரம். வர விருப்பமில்லை என்றால் என் பாவாடைத் துண்டை அந்தச் செங்கலிலேயே கட்டிவிடு. பார்த்துவிட்டுச் சத்தம் போடாமல் திரும்பிவிடுவேன், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

உன் அக்கா,
ஹசிந்தா


சான் பலாதியோ,
நவம்பர் 30

அக்கா,

செனோபியா கூடையைத் தூக்கிவிட்டாள், அவசரமாக எழுதுகிறேன். பீன்ஸ் வேகவைத்து, உப்புப் போட்டு, மூடி வைத்துவிட்டுத்தான் வருவேன். துணியைச் செங்கலில் கட்டவில்லை. ஊசியில் நூல் கோத்து மூட்டையில் வைத்திருக்கிறேன். கிழிந்த பாவாடையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், வந்து தைத்துத் தருகிறேன்.

ஒதிலியா