நீ வைகை என்று விற்ற புழு

மாப்ளே,

இன்று காலை சந்தைக்குப் போகும் வழியில் காலடியில் ஒரு வாதாம் இலை விழுந்தது. மாசி மாதம் அல்லவா, ஊரில் உள்ள வாதாம் மரமெல்லாம் சிவந்து உதிர்கிறது. குனிந்து எடுத்தேன். இலையின் நடுவே வெளுத்த கோடு ஒன்று நெளிந்து போயிருந்தது. உன் முகம் ஞாபகம் வந்தது. கூடவே, வழக்கம்போல எரிச்சலும் வந்தது. மலைக்காய்ச்சல் உன்னைக் கொண்டுபோய் அதிக நாளாகவில்லை. செத்தவனைப் பற்றி நல்லதாகத்தான் பேச வேண்டுமாம். போடி ஊர் முழுக்க அதைத்தான் செய்துகொண்டிருக்கிறது. எனக்கு அது வரவில்லை.

சேலைக்கு அச்சடிக்கும் பட்டறையை நாம் சேர்ந்துதான் தொடங்கினோம். நான் மரக்கட்டையில் உருவம் செதுக்குவேன். நீ சாயம் காய்ச்சி அச்சடிப்பாய், விற்பாய். மயில், அன்னம், தாமரை. உன் உலகத்தில் இருந்தது அவ்வளவுதான். அதிலும் எதையும் நீ நேரில் பார்த்ததில்லை. எல்லாம் காலண்டரில் கண்டது.

புதிதாக ஏதாவது கிடைக்குமா என்று ஒருமுறை உன்னைக் குரங்கணி மலைக்கு மேலே ஏலக்காய்த் தோட்டத்துப் பக்கம் இழுத்துக்கொண்டு போனேன். நிழல் மரங்களின் இலை கணுக்கால் உயரத்துக்குக் கொட்டிக் கிடந்தது. நான் மண்டியிட்டு ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தேன். நீ ஒரு பாறைமேல் ஏறி நின்றுகொண்டாய்.

"குப்பையில என்னடா தேடுற? வெரசா வா, சோலி கெடக்கு."

"இதப் பாருடா."

இலையின் தோலுக்கு அடியில் ஒரு புழு தின்றுகொண்டே போன தடம். நூல்போலத் தொடங்கி, வளைந்து வளைந்து, போகப்போக அகலமாகியிருந்தது. புழு வளர வளரத் தடமும் வளர்ந்திருக்கிறது. தடித்த நரம்பு குறுக்கிட்ட இடத்தில் அதன் ஓரமாகவே நடந்து, மெலிந்த இடம் பார்த்துத் தாண்டியிருக்கிறது. ஓர் உயிரின் ஆயுள் முழுவதும் அந்தக் கோட்டில் இருந்தது. நீ கழுத்தை மட்டும் நீட்டி எட்டிப் பார்த்துவிட்டு, "ச்சீ, கீழ போடு" என்றாய்.

அந்தத் தடத்தைச் சேலைக்கரையாகச் செதுக்கி முடித்தேன். மதுரை மொத்த வியாபாரி பட்டறைக்கு வந்தபோது சேலையை விரித்துக் காட்டினோம். அவர் கரையை விரலால் தொட்டுக்கொண்டே போனார்.

"இந்தக் கோடு ஏன் சிறுசா ஆரம்பிச்சுப் பெருசாவுது?"

நான் வாயைத் திறப்பதற்குள் நீ முந்திக்கொண்டாய். "வைகைங்க. வருசநாட்டு மலையில சிறுசாப் பொறந்து ஒங்க மதுரைக்கு வரும்போது பெருசாயிருது."

அவர் முகம் மலர்ந்துவிட்டது. ஆற்றில் அணை கட்டுகிற பேச்சு எங்கும் அடிபட்ட நேரம். வைகைச் சேலை என்றே பெயர் வைத்து லோடு லோடாக ஏற்றினாய்.

அதோடாவது நின்றாயா? ஆறென்றால் மீன் வேண்டாமா என்று மீன் சேர்த்தாய். மீனுக்குப் பின்னால் படகு வந்தது. நூலாகத் தொடங்கி அகன்றுகொண்டே போன கோட்டை ஒரே அகலத்துக்கு ஆக்கி, "இப்பத்தான் லட்சணமா இருக்கு" என்றாய். கடைசியில் படகுக்குப் பக்கத்தில் ஓர் அன்னத்தை நீந்தவிட்டாயே, அன்றைக்குத்தான் என் உளிகளைத் துணியில் சுருட்டிக்கொண்டு பக்கத்து ஊரான தேவாரத்துக்குப் போனேன்.

அங்கே அதே கரையை அச்சடித்து, கேட்டவர்களிடமெல்லாம் புழுத்தடம் என்று சொல்லித்தான் விற்றேன். ஒருத்தி கையில் எடுத்த சேலையைத் தேள் கொட்டியதுபோல உதறினாள். அதைக் கேள்விப்பட்டு, சிரிப்பதற்கென்றே பஸ்சு ஏறி வந்தாய்.

"புழு அரிச்சதுன்னு சொன்னா எவடா கட்டுவா?"

"கட்டாட்டிப் போறா. ஒன் அன்னத்தத் தூக்கிட்டு நீ கெளம்பு."

அதுதான் நாம் கடைசியாகப் பேசியது.

போன வாரம் உனக்கு இரங்கல் கூட்டம் போட்டார்கள். வைகையைச் சேலையில் ஓடவிட்ட கலைஞன் என்றார்கள். பழைய கூட்டாளி என்று என்னையும் பேசக் கூப்பிட்டார்கள். எழுந்து சொன்னேன்: "அது ஆறில்ல. புழு. இவன் ஆயுசுக்கும் ஒரு இலையத் தொட்டதில்ல." கூட்டமே சிரித்தது. சிநேகிதன் துக்கத்திலும் கேலி பேசுகிறான் என்று நினைத்துக் கை தட்டினார்கள். உனக்கு ஏற்ற ஊர்தான்.

வெளியே வந்தபோது உன் மனைவி வாசலில் நிறுத்தினாள்.

"அண்ணே, நீங்க சொன்னது நெசம்னு எனக்குத் தெரியும். அவருக்குப் புழுன்னா ஒடம்பே நடுங்கும். கத்திரிக்காயக்கூட நாந்தான் அரிஞ்சு பாத்துக் குடுக்கணும். அந்தக் கரைய அச்சடிக்கும்போதெல்லாம் வாய்க்குள்ள 'ஆறு, ஆறு'ன்னு சொல்லிக்கிட்டேதான் அடிப்பாரு."

மதுரைக்காரரை ஏமாற்ற நீ சொன்ன பொய் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். நீ முதலில் ஏமாற்றியது உன்னையே. தெருமுனை தாண்டியதும் தனியாகச் சிரித்தேன். புழுவுக்கு நடுங்கியவன் புழுவை விற்றுப் பேர் வாங்கியிருக்கிறாய்.

இதனால் உன்மேல் மதிப்பு கூடிவிட்டது என்று நினைக்காதே. பயந்தாங்கொள்ளி என்று இன்னொரு பட்டம்தான் சேர்ந்திருக்கிறது. ஆனால் ஒன்று நடக்கிறது. அன்றிலிருந்து கட்டை செதுக்கும்போது, தடம் நரம்பைத் தாண்டுகிற அந்த நுணுக்கமான இடம் வந்ததும், உளி பிசகாமல் இருக்க மூச்சைப் பிடித்துக்கொள்கிறேன். அப்போது என்னையறியாமல் என் வாய் "ஆறு, ஆறு" என்று முணுமுணுக்கிறது.

இதற்காக மட்டும் உன்னை மன்னிக்கவே மாட்டேன், மாப்ளே.