கொழுந்தன் காரின் ஷாஃப்ட்

ஜூலை 4

ஷாஃப்ட் போய்விட்டது. மலைப்பாதையில் மூன்றாவது வளைவு தாண்டும்போது அடியில் டமாரென்று ஒரு சத்தம். அப்புறம் எஞ்சின் கத்துகிறது, கார் நகரவில்லை. குனிந்து பார்த்தால், கியர் பெட்டியிலிருந்து பின்சக்கரம் வரைக்கும் ஓடும் அந்த நீளக் குழாய் முறுக்கிக்கொண்டு தொங்குகிறது.

கட்டி இழுத்து ஷெட்டுக்குக் கொண்டுவந்தேன். கொழுந்தன் ஆல்ஃபியோ அங்கேதான் நின்றான். வழக்கம்போல நாயைப் பார்த்துச் சொன்னான்: "பாத்தியா சிக்கோ? எங்க அண்ணன் பத்து வருஷம் ஓட்டின கார். அவன் பொண்டாட்டி கையில ஒரு கோடை தாங்கல."

நானும் நாயிடமே சொன்னேன்: "செப்டம்பர் பந்தயத்துல இந்தக் கார் மலை ஏறும்னு அந்த ஆள்கிட்டச் சொல்லு, சிக்கோ."

ஜூலை 5

என் புருஷன் ஸாரோவை அடக்கம் செய்துவிட்டுக் கல்லறை வாசலைக்கூடத் தாண்டவில்லை, "கார் சாவி எங்க?" என்று கேட்டவன் இவன். மனுஷனா? கொடுக்கமாட்டேன் என்றேன். அன்றோடு பேச்சு நின்றது. ஆனால் ஷெட் இரண்டு வீட்டுக்கும் பொது. அண்ணனும் தம்பியும் சேர்ந்து வாங்கிய ஒரே மாதிரி கார்கள், சிவப்பு ஸாரோவுடையது, வெள்ளை இவனுடையது. நாயும் பொது. அதனால் பேச்செல்லாம் நாய் வழியாக.

போன செப்டம்பரில் சிவப்புக் கார் ஷெட்டிலேயே நின்றது. இந்த வருடமும் நின்றால், இனி அது ஓடாது என்று அவன் தன் காருக்காக ஒவ்வொரு பாகமாகக் கழற்ற ஆரம்பித்துவிடுவான். விடமாட்டேன்.

ஜூலை 8

இரும்பா, கார்பன் நாரா? இரும்பு கனம், ஆனால் கெட்டி. கார்பன் லேசு, ஆனால் ஒருமுறை செய்துவிட்டால் வெட்டவோ ஒட்டவோ முடியாது. இரும்பு என்றுதான் முதலில் நினைத்தேன்.

"சிக்கோ, நூல் சுத்தின குழாயெல்லாம் நம்ம மலைக்கு ஆகாது. இரும்பு வாங்கச் சொல்லு" என்றான்.

கார்பன்தான். முடிவு.

ஜூலை 9

இன்று அளவெடுத்தேன். காரை ஸ்டாண்டில் தூக்கி வைத்து, அடியில் படுத்து, இரண்டு தடவை. அவன் காபியோடு வந்து நாய்க்கு உபதேசம்: "கார் தரையில நிக்கும்போது அளக்கணும், சிக்கோ. இல்லன்னா என் வெள்ளைக் காரை அளந்துக்கச் சொல்லு. ரெண்டும் ஒரே அளவு."

இவன் காரை நான் அளப்பதா? செத்தாலும் மாட்டேன். என் அளவையே வடக்கே கார்பன் குழாய் செய்யும் கம்பெனிக்கு அனுப்பிவிட்டேன்.

ஆகஸ்ட் 14

ஆகஸ்ட் விடுமுறை. நாடே கடையை அடைத்துவிட்டுக் கடற்கரைக்குப் போய்விட்டது. கம்பெனியில் யாரும் போனை எடுப்பதில்லை.

செப்டம்பர் 5

வந்துவிட்டது! கறுகறுவென்று, குழந்தைபோல லேசாக. ஸ்டாண்டில் வைத்தபடியே மாட்டினேன். அச்சாகப் பொருந்தியது. வேண்டுமென்றே உரக்கப் பாடினேன், அவன் காதில் விழட்டும் என்று.

செப்டம்பர் 6

காரைத் தரையில் இறக்கினேன். போச்சு.

தூக்கி வைத்திருந்தபோது பின்சக்கர அச்சு தொங்கிக்கொண்டிருந்தது. அதனால் இடைவெளி கூடுதல். இறக்கியதும் அச்சு மேலே வந்து, ஷாஃப்ட் கியர் பெட்டியில் போய் முட்டி இறுகிவிட்டது. இரண்டு விரற்கடை அதிகம். வெட்டவும் முடியாது. புதிதாகச் செய்யச் சொல்ல நாளும் இல்லை. அவன் சொன்னதைக் கேட்டிருந்தால்... ஐயோ, அதை நெனச்சாத்தான் பத்திக்கிட்டு வருது.

அவன் குனிந்து பார்த்தான். நாயைப் பார்த்தான். சிரித்தான். அவ்வளவுதான்.

செப்டம்பர் 8

மாதா திருவிழா. ஆல்ஃபியோ சொரூபத்துக்குத் தோள் கொடுப்பவன்; ஊர்வலம் முடிகிறவரை தோளை எடுக்கமுடியாது. மேளம் சந்தைப் பக்கம் திரும்பியதும் நான் ஷெட்டுக்குள் நுழைந்தேன். வெள்ளைக் காரின் ஷாஃப்டைக் கழற்றினேன். சிவப்புக் காரில் மாட்டினேன். அவனும்தான் பந்தயத்துக்குப் பெயர் கொடுத்திருக்கிறான். கொடுக்கட்டுமே! மாதாவே, நீ தோளில் இருந்தபடி பார்த்திருந்தால், பார்த்துக்கொள்.

காரை மலையடிவாரத்துக்கு ஓட்டிக்கொண்டு போய்விட்டேன்.

செப்டம்பர் 9

வெள்ளைக் கார் நகராது என்று இந்நேரம் தெரிந்திருக்கும், ஆனால் அவன் வரவில்லை. சாவியைத் தலையணைக்கு அடியில் வைத்துப் படுக்கிறேன்.

செப்டம்பர் 10

பந்தய நாள். வெடிக்குப் பயப்படும் என்று சிக்கோவை ரொட்டிக்கடைக்காரி வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தேன். பந்தயக் கார்கள் நிற்கும் திடலில் நான் காரில் உட்கார்ந்திருக்க, ஆல்ஃபியோ கூட்டத்தை இடித்துக்கொண்டு வந்தான். கையில் ஸ்பானர். அடித்துவிடுவானோ?

என் காலடியில் பார்த்தான், சக்கரத்துக்குப் பின்னால் பார்த்தான். நாய் இல்லை. கடைசியில் என் முகத்தைப் பார்த்தான்.

"திருட்டு அண்ணி" என்றான். "கழட்டின நட்டையே திரும்பப் போட்டிருக்கீங்கல்ல? ஒருதடவை கழட்டினா அது பிடிக்காதுன்னு அண்ணன் எத்தனை தடவை கத்தியிருக்கான்! பாதி மலையில கழண்டு விழுந்தா? இன்னொரு பொணத்தையும் நானே தூக்கணுமா? எறங்குங்க."

இறங்கினேன். அவன் தன் ஞாயிற்றுக்கிழமைச் சட்டையின் பையிலிருந்து புது நட்டுகளை எடுத்து வாயில் கவ்விக்கொண்டு, ஜாக்கியைக் காருக்கு அடியில் தள்ளினான். அடியில் போகுமுன் கையை நீட்டினான்.

"முதல்ல சாவியைக் குடுங்க. நான் அடியில கெடக்கும்போது நீங்க ஸ்டார்ட் பண்ண மாட்டீங்கன்னு என்ன நிச்சயம்?"

கொடுத்தேன்.

நான் ஓட்ட, அவன் பக்கத்தில் உட்கார, கார் உச்சிக்குப் போய்ச் சேர்ந்தது. கடைசியிலிருந்து நான்காவது இடம். இறங்கும்போது அவன்தான் ஓட்டினான். நான் கியர் மாற்றுகிற லட்சணத்தை வழி முழுக்கத் திட்டிக்கொண்டே வந்தான், என்னிடமே.