விடை எழுதாத கடைசிக் கட்டம்

மேடம், உங்கள் பழுப்பு ஃபைலை இன்று காலை ஸ்டாஃப் ரூமில் திறந்தேன். ஆரஞ்சுத் தோல் வாசனை குப்பென்று அடித்தது. ஆடியில் கண்ணை மூடினீர்கள், இப்போது டிசம்பர். காகிதத்தில் ஒரு வாசனை இத்தனை நாள் எப்படித் தங்கும்? முதலில் எனக்குத் தோன்றியது இந்தக் கேள்விதான். அழுகை அதற்குப் பிறகுதான் வந்தது. கேட்டால் சிரித்திருப்பீர்கள்.

செமஸ்டர் தொடங்க இன்னும் நான்கு நாள். தாவரவியல் நடத்தும் நீங்களும் புள்ளியியல் நடத்தும் நானும் தலைச்சோலையில் உங்கள் வீட்டில் உட்கார்ந்து பாடம் தயாரிக்கும் நாட்கள் இவை. ஒண்டிக்கடை ஸ்டாப்பில் பஸ் பிடித்து நான் வந்து சேர்வதற்குள் ஒரு தட்டு ஆரஞ்சு தயாராக இருக்கும். சுளை எனக்கு, தோலின் எண்ணெய் உங்கள் நோட்ஸுக்கு. என் முதல் பாடத்தை நான் உங்களுக்கு நடத்த வேண்டும், உங்களுடையதை நீங்கள் எனக்கு. மாணவியாக உட்கார்பவருக்கு ஒரே வேலை, "அது ஏனுங்க?" என்று கேட்டுக்கொண்டே இருப்பது. உங்களுடைய மூன்றாவது "ஏனுங்க"வில் எனக்குக் கோபம் தலைக்கேறிவிடும்.

பாடத் திட்டத்தின் கடைசிக் கட்டம் உங்கள் ஏற்பாடு. இருவருக்குமே விடை தெரியாத ஒரு கேள்வியை அதில் எழுத வேண்டும். விடைக்கான இடத்தைக் காலியாக விட வேண்டும். எனக்கு அந்த வெள்ளை இடம் உறுத்தும். வகுப்பில் "தெரியாது" என்று சொன்னால் மறுநாள் முதல் பெஞ்சுகூட மதிக்காது என்று நம்பியவள் நான். நீங்கள் டீ போட உள்ளே போனதும் பென்சிலால் ஏதாவது எழுதி அதை நிரப்பிவிடுவேன். திரும்பி வந்து, ஃபைலில் வைத்திருக்கும் ரப்பரை எடுத்து நிதானமாக அழிப்பீர்கள்.

"தெரியாததுக்கெல்லாம் அவசரப்பட்டு விடை எழுதாதீங்க மேடம். அப்புறம் புள்ளைங்க தேடறதுக்கு என்ன மிச்சமிருக்கும்?"

ஒரு வருடம் ஃபைல் மாறிப்போனதே, நினைவிருக்கிறதா? இரண்டும் ஒரே கடையில் வாங்கிய ஒரே பழுப்பு. முதல் நாள் வகுப்பில் திறந்தால் உங்கள் கையெழுத்து, உங்கள் ஆரஞ்சுக் கறை. நோட்ஸ் இல்லாமல் எனக்குப் பேச்சே வராது. ஃபைல் மாறிவிட்டது என்று சொல்லவும் கௌரவம் விடவில்லை. திட்டமிட்டு வந்தவள் போல உங்கள் கடைசிக் கட்டத்தைச் சத்தமாக வாசித்தேன்: "எங்கள் தோட்டத்தில் மேல் வரிசைக் காப்பிச் செடிகள், கீழ் வரிசைக்கு ஒரு நாள் முன்னால் பூக்கின்றன. அதே கோடை மழை, அதே மண், அதே நிழல். ஏன்?"

மாரமங்கலத்திலிருந்து வரும் ஒரு பெண் எழுந்தாள். "எங்க ஊட்டுத் தோட்டத்துல கீழ் வரிசைதானுங்க மேடம் முதல்ல பூக்கும்!"

"நீ எத்தனை செடியப் பார்த்த?" என்று பின் பெஞ்சில் ஒருத்தி கேட்டாள். அவ்வளவுதான், வகுப்பு இரண்டு கட்சியாகிவிட்டது. எத்தனை தோட்டம் பார்க்க வேண்டும், எத்தனை பூ விரிந்தால் பூத்தது என்று சொல்லலாம், நாலு செடியை வைத்து நாற்பது செடிக்குப் பேசலாமா? நான் மூன்று வாரம் நடத்தும் பாடத்தை அவர்களே சண்டை போட்டுக் கண்டுபிடித்துக்கொண்டிருந்தார்கள். மணி அடித்து வெளியே வந்தால் வராந்தாவில் என் ஃபைலோடு நீங்கள்.

"உங்க சராசரிய வெச்சுத்தானுங்க இன்னைக்கு எலை நடத்துனேன். நொம்ப நல்லா இருந்துச்சுங்க!"

அந்த மார்ச்சிலும் அதற்கடுத்த வருடங்களிலும் பிள்ளைகள் பூவை எண்ணிக்கொண்டு வந்தார்கள். ஒரு வருடக் கணக்கு இன்னொரு வருடத்தோடு ஒத்துப்போகவே இல்லை. அந்தக் கேள்வியை நீங்கள் மாற்றவும் இல்லை.

இன்று உங்கள் நாற்காலியில் புதிதாக வந்திருக்கும் தாவரவியல் சார் உட்கார்ந்திருந்தார். நல்ல மனிதர், உங்கள் பாடத்தை அப்படியே நடத்த ஆசைப்படுகிறார். பாடத் திட்டத்தை இப்போது கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும், காலிக் கட்டம் இருந்தால் அது வாங்கிக்கொள்ளாது. உங்கள் கடைசிக் கட்டத்தில் வந்து நின்றார்.

"மேடம், இதுக்கு விடை என்னங்க? ஒரு வரி போட்டா முடிஞ்சுருமுங்க."

என்னிடம் ஒரு வரி இருந்தது. மேட்டில் தண்ணீர் நிற்காது, வேர் முன்னாலேயே காய்ந்து ஏங்கிக் கிடக்கும், அதனால் மழை பட்டதும் முந்திக்கொள்ளும். சரியாகக்கூட இருக்கலாம். ஆனால் நான் சொன்னால் அவர் அதை டைப் அடித்துவிடுவார், வருடா வருடம் பிள்ளைகள் அதை மனப்பாடம் செய்வார்கள், அதன் பிறகு யாரும் மார்ச்சில் தோட்டத்துக்குப் போக மாட்டார்கள். மேடம், உங்களை இரண்டாம் முறை அனுப்பிவைப்பது போல இருந்தது எனக்கு.

"தெரியலீங்க சார்" என்றேன்.

இத்தனை வருடத்தில் அந்த அறையில் நான் அப்படிச் சொன்னது இதுதான் முதல் தடவை. அவர் கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டு நாற்காலியை என் பக்கம் திருப்பினார்.

"அது ஏனுங்க மேடம் தெரியல? மேல் வரிசை எத்தனை அடி ஒசரத்துல இருக்குதுங்க?"

"அதுவும் தெரியலீங்க. மழை பேஞ்சதும் போய்ப் பார்க்கலாம், வாங்க."

கட்டத்தில் "மார்ச்சில் பார்க்க வேண்டும்" என்று அடித்தார். கம்ப்யூட்டர் மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டது.

உங்கள் ஃபைலை அவரிடம் கொடுத்துவிட்டேன். ரப்பரை மட்டும் எடுத்து என் பையில் போட்டுக்கொண்டேன். என் பென்சில் எழுத்தை அழித்து அழித்தே சுண்டுவிரல் நுனி அளவுக்குத் தேய்ந்திருக்கிறது. இன்று அதற்கு வேலை வைக்கவில்லை, மேடம்.