செலியமேடு என்று அச்சான வாரம்

உன் மகள் நேற்று பாகூரிலிருந்து வந்து ஒரு பழைய தாளை என் கையில் கொடுத்தாள். விரித்ததும் அச்சு மையும் பூச்சி உருண்டையும் கலந்த வாடை. "மாமா, அப்பா இத பீரோல தனியா பூட்டி வச்சிருந்தாரு. உங்க கையெழுத்து மாரி இருக்குதே?" என்றாள்.

செத்தும் என்ன வேலை பார்க்கிறான் இவன் என்றுதான் முதலில் நினைத்தேன். கோபித்துக்கொள்ளாதே. உன்னை நினைத்தாலே எனக்குச் சந்தேகம்தான் முன்னால் வரும்.

அந்தத் தேர்தலில் நீ கட்சிச் சின்னத்தில் நின்றாய், நான் சுயேச்சை. ஆனாலும் வியாழக்கிழமை தவறாமல் உன் வாரப் பத்திரிகைக்குப் புரூஃப் பார்க்க வந்தேன். ஊரே சிரித்தது. "அரசியல் வேற, புரூஃப் வேறடா. உன்ன வுட்டா எனக்கு ஆரு கீறா?" என்றாய். அதில் எனக்குப் பெருமை வேறு.

என் ஓட்டைப் பிரிக்க, என் பெயரே உள்ள குருவிநத்தத்துக்காரர் ஒருவரை யாரோ நிறுத்தியிருந்தார்கள். கடைசி நாளில் அவர் மனுவை வாபஸ் வாங்கினார். உன் பத்திரிகையில் அந்தச் செய்தி வந்தது, ஊர் மட்டும் செலியமேடு என்று. செலியமேட்டுக்காரன் நான். வீடு வீடாகப் போய், நான் இன்னும் நிற்கிறேன் என்று தொண்டை கிழியக் கத்தினேன். "பேப்பர்லயே போட்டுட்டான், இன்னாத்துக்குப்பா மறைக்கிற?" என்றார்கள். கொஞ்ச ஓட்டில் தோற்றேன். நீ சட்டசபைக்குப் போனாய்.

"கை தவறிப் போச்சுடா" என்றாய். மறுவாரம் மாட்டுத்தீவன விளம்பரத்துக்குக் கீழே எறும்பு சைஸில் ஒரு திருத்தம். நான் நம்பவே இல்லை. அதற்குப் பிறகு எத்தனை கல்யாணத்தில் பக்கத்துப் பக்கத்து இலையில் சாப்பிட்டோம்! நீ பாயசக் கப்பை என் பக்கம் தள்ளும்போதெல்லாம், இவனுக்கு உறுத்துகிறது, அதனால்தான் தள்ளுகிறான் என்றே நினைத்துக்கொண்டேன்.

நேற்று வந்த தாள் அந்த வாரத்துப் புரூஃப். அதிலேயே செலியமேடு என்றுதான் இருக்கிறது. கீழே சிவப்பு மையில் "சரி" என்று எழுதி என் கையெழுத்து. நீ போலியாகப் போட்டிருப்பாய் என்று கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தேன். ஐயோ, ஓரத்தில் உரக்கடை விளம்பரத்தில் விட்டுப்போன தெருப் பெயரை நானே எழுதிச் சேர்த்திருக்கிறேன். கடைக்காரர் என் ஆள். அன்று வெளியே என் பிரசார ஜீப் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. அந்த விளம்பரத்தை மட்டும் பார்த்துவிட்டு ஓடியிருக்கிறேன். என் பெயர் போட்ட செய்தியை நான் படிக்கவே இல்லை.

ஒருநாள் இந்தத் தாளை என் மூஞ்சியில் வீசியிருந்தால் அன்றைக்கே தீர்ந்திருக்கும். ஏன் வீசவில்லை? ஊரை மாற்றிப் போட்டதே நீதான் என்பதாலா? இல்லை, நான் கூனிக்குறுகிப் போவேன் என்று பொறுத்துக்கொண்டாயா? முதலாவதுதான் உண்மையாக இருக்க வேண்டும் என்று சாமியை வேண்டிக்கொள்கிறேன். நீ ஏமாற்றுக்காரனாகவே இருந்துவிட்டுப் போடா. இல்லாவிட்டால் இத்தனை வருஷம் நான் உன்னைத் தப்பாக நினைத்ததை யாரிடம் போய்ச் சொல்லி அழுவேன்?