நீலமாகிப் போன நம் தெரு

அப்பா,

இதை யாருக்கும் காட்டாதே. அம்மாவின் கனவில் நீ அடிக்கடி வருகிறாயாம். அப்போதுகூட அவளிடம் சொல்லிவிடாதே.

சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு எழுதுகிறேன். அம்மா கூடத்தில் தூங்குகிறாள். கட்டிலுக்கு அடியிலிருந்து உன் சிவப்பு எனாமல் பெயின்ட் டப்பாவை எடுத்துக் கரண்டிக் காம்பால் மூடியை நெம்பினேன். உள்ளே பாலில் படிவது போல ஆடை கட்டியிருந்தது. நீ இருந்தவரை, ஆடை கட்டாமலிருக்க மேலே கொஞ்சம் டர்பன்டைன் ஊற்றி, மூடி, டப்பாவைத் தலைகீழாக வைப்பாய். இப்போது அதைச் செய்ய யாரும் இல்லை. ஆடையைக் கிழித்ததும் அந்த வாசனை வந்தது. சாயங்காலம் நீ செருப்பைக் கழற்றும்போது வருகிற வாசனை. வாயில் பாவாடையைத் திணித்துக்கொண்டு அழுதேன்.

என் எதிரே தரையில், எங்கள் வகுப்பு செய்த அந்த வரைபடம் விரிந்து கிடக்கிறது. பள்ளிக்கூடத்திலிருந்து யாருக்கும் தெரியாமல் எடுத்து வந்துவிட்டேன். ரெயின்கோட்டுக்குள் சுருட்டி, ரயிலில் தாம்பரத்திலிருந்து ஊரப்பாக்கம் வரை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றே வந்தேன். நாளைக்கு அதை மாவட்டக் கண்காட்சிக்கு அனுப்பப் போகிறார்களாம். காலை பிரேயர் மணிக்கு முன்னால் பீரோ மேல் திருப்பி வைக்க வேண்டும். அதற்குள் ஒன்றைச் சரிசெய்ய வேண்டும்.

அந்த ஒன்று உனக்குத் தெரியும். நீ கேட்காமலேயே போய்விட்டாய்.

டீச்சர் எல்லோரையும் அவரவர் தெருவுக்கு அனுப்பி, வீட்டுக்கு வீடு என்ன வேலை என்று கேட்டு வரச் சொன்னார். வரைபடத்தில் ஒரு வீட்டுக்கு ஒரு பொட்டு. ஆபீஸ் என்றால் நீலம், வாத்தியார் பச்சை, விவசாயம் பழுப்பு, பெயின்டர் சிவப்பு. எந்தப் பக்கம் எந்த வேலை அதிகம், ஏன் அதிகம் என்று கடைசியில் எழுத வேண்டும்.

நான் அன்றைக்கு உன்னிடம்தான் முதலில் கேட்டேன். "நம்ம தெருவுல மட்டும் ஏம்ப்பா இத்தன பெயின்டர்? உன் ஊர்ல எத்தன பேரு?"

நீ சிரித்தாய். "எங்க ஊர்ல ஒருத்தன்கூட கிடையாது பாப்பா. பொங்கல் வந்தா அவங்கவங்க வூட்டுக்கு அவங்களே வெள்ளையடிச்சிக்குவாங்க. அங்க என்னைய எவன் கூப்புடுவான்? எங்க புதுசா வூடு கட்டிகினு கீறாங்களோ, அங்கதான் பெயின்டர் இருப்பான். இங்க பாரு, கூடுவாஞ்சேரி வரைக்கும் மனை மனையா கல்லு நட்டு வெச்சிருக்கான். இன்னும் இருபது வருசத்துக்கு எங்களுக்கு வேல கீது."

"தாம்பரத்துலயே இருக்கலாம்ல?"

"அங்க இருக்குற வூட்டுக்குப் பெயின்ட்தான் அடிக்கலாம். குடியிருக்க முடியுமா?"

அதை அப்படியே எழுதியிருந்தால் வகுப்பிலேயே நல்ல பதிலாக இருந்திருக்கும். ஆனால் மறுநாள் சிவப்பு என்ற பேச்சு வந்தபோது ஷீலா மெதுவாகச் சொன்னாள். அவள்தான் என் பக்கத்தில் உட்காருகிறவள், சேலையூரில் வீடு. "எங்க வீட்டுக்கும் ஒரு பெயின்டர் வந்தான். ஒரே நாத்தம். எங்கம்மா அவனுக்குத் தனி டம்ளர் வெச்சுட்டாங்க." பெஞ்சே சிரித்தது. நானும் சிரித்தேன் அப்பா. அது நீயா என்று நான் உன்னைக் கேட்கவே இல்லை. இந்தச் சமையலறைச் சுவரில் நீ நிறம் பார்ப்பதற்காகத் தடவிய பட்டைகளில் சேலையூர் வீடுகள் எத்தனையோ இருக்கின்றன.

நம் தெருவுக்கு நான் ஒருத்திதான் பொட்டு வைக்க வேண்டியிருந்தது. முதல் வீட்டிலிருந்து கடைசி வீடு வரை நீலம் வைத்தேன். நம் வீட்டுக்கு மட்டும் மாற்றினால் தெரிந்துவிடும் என்று எல்லோரையும் மாற்றினேன். டீச்சர் நம்பி, படத்துக்குக் கீழே தன் கையெழுத்தில் எழுதிவிட்டார்: "ஆகவே தாம்பரத்துக்குத் தெற்கே பெயின்டர்கள் மிகக் குறைவு."

பள்ளிக் கண்காட்சிக்கு வராதே என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நீ அரை நாள் லீவு போட்டு, மண்ணெண்ணெயில் கை கழுவி, வெள்ளைச் சட்டை போட்டு வந்தாய். ரயில் பாதை மேல் விரலை வைத்து, பெருங்களத்தூர், வண்டலூர் என்று முணுமுணுத்தபடி இறக்கிக்கொண்டே வந்தாய். நம் தெருவில் விரல் நின்றது.

படத்துக்குப் பக்கத்தில் விளக்கம் சொல்ல நின்றவள் ஷீலா. "அங்கிள், சிவப்புன்னா பெயின்டர். உங்க ஏரியாவுல யாருமே இல்ல, பாருங்க."

"ஆமாம்மா. எல்லாம் ஆபீசருங்களா கீறாங்க."

"நீங்க எந்த ஆபீஸ் அங்கிள்?"

நீ என்னைப் பார்த்தாய். ஒரு நொடிதான். பிறகு அவளிடம், "எல்லா ஆபீசுக்கும் போவேன்மா. செவுத்த மட்டும் பாத்துட்டு வந்துருவேன்" என்றாய். அவள் புரியாமல் சிரித்தாள். நகக்கண்ணில் சிவப்பு இருந்த கையைப் பேன்ட் பைக்குள் மறைத்துக்கொண்டாய். எனக்காக மறைத்தாய்.

திரும்பும்போது ரயிலில் கோபிப்பாய் என்று காத்திருந்தேன். வண்டலூர் தாண்டியதும் சொன்னாய்: "அந்த நீலம் திட்டுத் திட்டா கீது பாப்பா. இன்னொரு கோட்டு குடுத்திருக்கலாம்." அவ்வளவுதான். பன்னிரண்டாவது நாள் மூன்றாவது மாடியில் நீ நின்றிருந்த சாரத்தின் கயிறு அறுந்தது. அந்தப் பன்னிரண்டு நாளும் சொல்லிவிடலாம், சொல்லிவிடலாம் என்றே இருந்தேன்.

துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம் அம்மா சொல்கிறாள், "பொண்ணு ஸ்கூல்ல அவர எல்லாரும் அங்கிள் அங்கிள்னு கூப்ட்டாங்களாம், அவ்ளோ சந்தோசமா வந்தாரு." நீ அப்படிச் சொல்லி வைத்திருக்கிறாய். டீச்சர் அடித்தால் அடிக்கட்டும். அம்மாவுக்குத் தெரியக் கூடாது என்றுதான் கதவைச் சாத்தியிருக்கிறேன்.

இப்போதுதான் வைத்தேன் அப்பா. தீக்குச்சியால் பெயின்ட்டைத் தொட்டு, நம் வீட்டு நீலத்தின் மேல் ஒரே ஒரு சிவப்புப் பொட்டு. அழகாக நின்றது. ஆனால் நான் மறந்துவிட்டேன். "செவுரோ பேப்பரோ, மொதல்ல பிரைமர் பூசாம அடிச்சா பெயின்ட்டக் குடிச்சிரும்" என்று எத்தனை முறை சொல்லியிருப்பாய்! பேப்பர் குடிக்கிறது. பொட்டைச் சுற்றி எண்ணெய் வளையம் விரிகிறது. பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டது. எதிர் வீட்டுக்கும் போய்விட்டது. நான் நீலமாக்கிய வீடுகள் ஒவ்வொன்றாக அதற்குள் போகின்றன. துணியால் ஒற்றினால் இன்னும் பரவுகிறது. ரயில் பாதையைத் தாண்டி, கீழே டீச்சர் எழுதிய வரியைத் தொட்டுவிட்டது. "குறைவு" என்ற சொல் ஊறிக்கொண்டிருக்கிறது.

இதை மறைக்க முடியாது. என் நகக்கண்ணிலும் சிவப்பு ஏறிவிட்டது. மண்ணெண்ணெய் போட்டுத் தேய்க்கப் போவதில்லை. நாளைக்கு இப்படியே கொண்டுபோய் டீச்சரிடம் கொடுப்பேன். ஷீலா கேட்டால், எங்கப்பா பெயி

கதவைத் தட்டும் சத்தம். அம்மா.

"பாப்பா... அப்பா வாசன வருதுடி. கதவத் தொற."